பன்னிரண்டாவது பயனாளர்

அந்த நிறுவனத்தின் முற்றத்தில் ஒரு பாலம் நின்றுகொண்டிருந்தது. பொம்மைப் பாலம் அல்ல. நாற்பத்திரண்டு அடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்கு இரும்புக் கைப்பிடி, மேலே சாம்பல் நிறப் பெயின்ட் இரண்டு பூச்சு. இரு முனையிலும் கான்கிரீட் கட்டைகள் தாங்கிக்கொண்டிருக்க, ஐந்து படி ஏறினால் பாலம், ஐந்து படி இறங்கினால் மறுபடியும் அதே முற்றம். கீழே சரளைக்கல். அந்தச் சரளையில் நிழலுக்காக ஒரு பூனை படுத்திருக்கும். அந்தப் பாலம் தாண்டிய தடை இன்றைய தேதிவரை அந்தப் பூனை ஒன்றுதான்.

அது போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்றும் தூரதேசம் இல்லை. நிறுவனத்துக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு. கால்வாய் அந்தக் குடியிருப்பை வில்லாக வளைத்துக்கொண்டு ஓடுகிறது. முற்றத்தின் ஒரு மதிலை உரசிக்கொண்டு உள்ளே போகும். வீடுகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றும். திரும்பி வந்து முற்றத்தின் எதிர் மதிலை உரசிக்கொண்டு வெளியேறும். குடியிருப்பிலிருந்து வெளி உலகத்துக்குப் போக முற்றத்தின் வழி ஒன்றுதான் தரைவழி. வளைவின் உச்சியில், கால்வாய்க்கு அக்கரையில், பள்ளிக்கூடம். பாலம் அங்கேதான் போக வேண்டும். நடந்தால் பத்து நிமிடம், லாரியில் ஏற்றினால் மூன்று நிமிடம். பாலம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது.

காரணம் வேறு யாரும் இல்லை, டிக் மேடம்தான்.

டிக் மேடம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல; கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. நிறுவனத்தின் சரிபார்ப்பு அலுவலர் அவள். பதினோரு வருடமாக அங்கே எது செய்தாலும் கட்டம் போட்ட தாளோடு வந்து நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்து, டிக் போட்டுவிட்டுப் போவாள். பார்க்காமல் ஒரு டிக் போட்டதாக அவள்மேல் எதிரிகூடச் சொல்ல மாட்டான். ஒவ்வொரு வேலைக்கும் முதலில் சரிபார்ப்புத் திட்டம் எழுதுவதும் அவள்தான். அதில் எப்போதும் இரண்டு பாகம் இருக்கும். முதல் பாகத்தின் கேள்வி: சொன்னபடி செய்திருக்கிறோமா? இரண்டாம் பாகத்தின் கேள்வி: செய்தது ஆளுக்கு உதவுகிறதா? முதல் பாகத்துக்கு அளவு நாடா போதும். இரண்டாம் பாகத்துக்கு மனிதர்கள் வேண்டும், அங்கேதான் எல்லாத் தலைவலியும்.

நிறுவனம் அதுவரை செய்ததெல்லாம் பீரோ, மேசை, ஆஸ்பத்திரிக் கட்டில். ஒருமுறை முந்நூறு கட்டில்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், படுத்த நோயாளிகளுக்கெல்லாம் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் முந்நூறும் திரும்பி வந்தன. மானம் போயிற்று. அன்றைக்கு டிக் மேடம் எழுதியதுதான் ஒன்பதாம் விதி: பயனாளர் படுத்துப் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை கட்டில் முற்றத்தை விட்டு நகரக்கூடாது. அதற்கு முன்னாலேயே நான்காம் விதி இருந்தது: புதியதற்கு இடம் வேண்டும் என்பதால் பழைய கட்டிலை முதல் நாளே அப்புறப்படுத்த வேண்டும். இரண்டும் அருமையான விதிகள். கட்டிலுக்கு.

பாலம் செய்யும் வேலை வந்தபோது அவள் புதிதாகத் திட்டம் எழுத உட்காரவில்லை. கைவசம் இருந்த நூற்றுப் பதினான்கு பக்கத் திட்டத்தை எடுத்து, கட்டில் என்று இருந்த இடத்திலெல்லாம் பாலம் என்று மாற்றினாள். ஒன்றைக்கூட விடவில்லை. அவள் வேலையில் அந்த மாதிரி ஓட்டையெல்லாம் இருக்காது. அதனால்தான் எழுபத்தோராம் பக்கத்தில், பயனாளர் பாலத்தின் மேல் பத்து நிமிடம் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.

நான்காம் விதிப்படி, கால்வாயின் மேல் இருந்த பழைய மரப்பாலத்தை முதல் நாளே பிரித்து எடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் விதிப்படி, புதுப்பாலம் முற்றத்தை விட்டு நகரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது டிக் மேடத்தின் குடும்பம்.

அவள் கணவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். எட்டு வயது மகள் பாப்பா படிப்பதும் அங்கேதான். மரப்பாலம் இருந்தவரை அப்பாவும் மகளும் மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். பாலம் போனபின் முற்றம் வழியாக மெயின் ரோட்டுக்கு வந்து, இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் சுற்றிப் போனார்கள். பாப்பா போகும்போதும் பஸ்ஸில் தூங்கினாள், வரும்போதும் தூங்கினாள். நடுவில் வகுப்பிலும் கொஞ்சம் தூங்கினாள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வாத்தியார் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு மகளோடு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தின் ஸ்டோர் ரூமுக்குக் குடிபோனார். டிக் மேடம் கூடப் போக முடியாது. குடியிருப்பில் குடியிருக்காதவருக்கு வேலை கிடையாது என்பது நிறுவனத்தின் விதி. அந்த விதியை நல்லவேளையாக அவள் எழுதவில்லை.

"நாற்பதே நாள்ல பாலம் வந்துரும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். மூன்று மாதம் ஓடிவிட்டது.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கால்வாய்க் கரைக்குப் போவாள். அக்கரையில் இரண்டு பேரும் வந்து நிற்பார்கள். போனில் பேசலாம்தான், பேசவும் செய்தாள். ஆனால் பிள்ளை வளர்ந்திருக்கிறாளா இளைத்திருக்கிறாளா என்பதைப் போன் சொல்லாது.

"என்னங்க!" என்று இவள் இங்கிருந்து கூப்பிடுவாள். அக்கரையில் நடந்துபோகும் ஆண்களில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"உங்களை இல்லீங்க!" என்று நாலு பேருக்கும் சொல்லிவிட்டுத்தான் தன் ஆளிடம் பேச முடியும்.

"பாப்பாவுக்குத் தலை வாரி விட்டீங்களா?"

"வாரிட்டேன்!"

"வாரின மாதிரி தெரியலையே!"

"நாற்பதடிக்கு அந்தாண்ட இருந்து பார்த்தா எப்படித் தெரியும்? வந்து பாரு!"

இது ஊருக்கே தினசரிக் கச்சேரி. கரையில் துணி துவைப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஒருநாள் பாப்பா எதையோ இரண்டு விரலில் பிடித்து உயரத் தூக்கிக் காட்டினாள். இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்னடி அது?"

"பல்லும்மா! விழுந்துருச்சு! தெரியுதா?"

"தெரியுது, தெரியுது! ரொம்ப அழகா இருக்கு!" என்று கத்தினாள். தெரியவே இல்லை. பதினோரு வருடத்தில் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து வாத்தியார் அக்கரையிலிருந்து குரல் கொடுத்தார்.

"இங்க பாரு, ஹெட்மிஸ்ட்ரஸ் பள்ளிக்கூடத்து வீடு ஒண்ணு காலியா இருக்குன்னு சொல்றாங்க. மூணு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கணுமாம்."

"மூணு வருஷமா?"

"பின்ன? எத்தனை நாளைக்குத்தான் புள்ளைய பாட்டில்ல இருக்கிற தவளைங்களோட தூங்க வைக்கிறது? ராத்திரி அதுங்க பார்க்குதுன்னு பயப்படுறா. முப்பதாம் தேதிக்குள்ள பாலம் வந்தா வீட்டுக்கு வரோம். வரலேன்னா ஒண்ணாம் தேதி கையெழுத்துப் போட்டுருவேன்."

"வந்துரும்ங்க! இன்னும் பன்னிரண்டு பேர் நடந்து பார்த்தா முடிஞ்சுது!"

துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தர், "மேடம், மூணு மாசமா இதையேதான் சொல்றீங்க" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு பேர் என்பது திட்டத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகம் எப்போதோ முடிந்திருந்தது. நீளம், அகலம், திருகாணி, பெயின்ட் என்று இருநூற்று ஆறு கட்டத்துக்கும் டிக் விழுந்துவிட்டது. பாலத்தைச் செய்த வெல்டர் அன்றே கேட்டார்: "மேடம், ஏத்திக் கொண்டுபோய் வெச்சுரலாமா? கிரேன்காரன் சும்மாதான் உட்கார்ந்திருக்கான்."

"பயனாளர் ஒப்புக்கணும் அண்ணே."

"அங்க வெச்சா ஒப்புக்கப் போறாங்க."

"அங்க வெச்சப்புறம் சரியில்லைன்னு சொன்னா? முந்நூறு கட்டில் மறந்துபோச்சா?"

வெல்டருக்கு மறக்கவில்லை, முந்நூறையும் இறக்கியவர் அவர்தான். திரும்பிப் போய்விட்டார்.

ஆகவே பயனாளர்கள் முற்றத்துக்கு வந்தார்கள். இக்கரையிலிருந்து பதினோரு பேர். ஒவ்வொருவராகப் படியேறி, சரளைக்கல்லுக்கு மேலே நாற்பத்திரண்டு அடி நடந்து, இறங்கி, மறுபடி ஏறி, நடுவில் பத்து நிமிடம் மல்லாந்து படுத்தார்கள். தபால்காரர் தூங்கியே போய்விட்டார். எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். கடைசிக் கேள்வி: இந்தப் பாலம் உங்கள் தேவையை நிறைவேற்றுகிறதா? பதினோரு பேரும் ஆம் என்றார்கள். அந்தப் பதினோரு பேரில் பத்துப் பேர் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள், அல்லது வாங்குகிறவரோடு ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள். தபால்காரர் மட்டும்தான் வெளியாள். அவர் தூக்கக் கலக்கத்தில், "காத்தோட்டமா இருக்கு" என்று தனியாக எழுதிக் கொடுத்தார்.

பன்னிரண்டாவது ஆள் அக்கரையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது திட்டம். அக்கரையிலிருந்து ஒன்றரை மணி நேரம் சுற்றிக்கொண்டு வந்து, தரையில் நிற்கும் பாலத்தின் மேல் படுத்துப் பார்க்க யார் வருவார்கள்? வாத்தியார் மட்டும்தான் வந்தார். பெண்டாட்டியின் திட்டம் ஆயிற்றே.

அவர் வந்தபோது டிக் மேடம் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தேர்வு நடக்கும்போது பயனாளரைப் பார்த்துத் தலையசைப்பதோ கண்ஜாடை காட்டுவதோ கூடாது என்று அவளே எழுதியிருந்தாள். மூன்று மாதத்தில் கணவரை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அதுதான் நாலாவது தடவை. சட்டையில் இரண்டாவது பொத்தானைக் காணோம். முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டு, தாளைப் பார்த்து வாசித்தாள்.

"பயனாளர் பாலத்தில் ஏறலாம்."

ஏறினார். நடந்தார். இறங்கினார். படுத்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் என்ன யோசித்தாரோ, எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இந்தப் பாலம் உங்கள் தேவையை நிறைவேற்றுகிறதா?"

"இல்ல."

பேனா நின்றுவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலாளர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"காரணம்?" என்றாள்.

"கீழ தண்ணி இல்லையே."

அவள் எழுதிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

அன்று சாயங்காலம் கால்வாய்க் கரையில் நடந்த சண்டைக்கு இரண்டு பக்கமும் நல்ல கூட்டம்.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்? நாளைக்குக் காலையில கிரேன் வந்திருக்கும்!"

"பொய் சொல்லச் சொல்றியா? உன் ஃபார்ம்ல முதல் வரியே 'உண்மையை மட்டும் கூறவும்'னு இருக்கு!"

"அது மத்தவங்களுக்குங்க!"

"பாப்பா கேட்டுக்கிட்டு நிக்கிறா. வாத்தியார் வேலை பார்க்கிறவன் நான்."

"அந்த வாத்தியாருக்குப் பெண்டாட்டி வேண்டாமா?"

கூட்டத்தில் யாரோ, "வேணும்னு சொல்லுங்க சார்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். வாத்தியார் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். பாப்பா மட்டும் போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் மேலாளர் அறையில் கூட்டம். மேலாளர் நல்ல மனிதர். எந்த முடிவையும் அவர் எடுப்பதில்லை. திட்டத்தைப் புரட்டி அதில் எடுத்து வைத்திருப்பதைக் கண்டுபிடிப்பார். அதனால் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

"பயனாளர் இல்லைன்னு சொன்னா என்ன செய்யணும்? எண்பத்திரண்டாம் பக்கம். அவர் சொன்ன காரணத்தைச் சரிசெஞ்சு, அதே பயனாளரை மறுபடி நடக்க வைக்கணும். காரணம் என்ன சொன்னார்?"

"கீழ தண்ணி இல்லைன்னு" என்றாள்.

"அப்ப தண்ணி வரணும்."

"சார், பாலத்தைக் கால்வாய்க்குக் கொண்டுபோனா கீழ தண்ணி தானா இருக்கும்."

"எப்படிம்மா கொண்டுபோறது? அவர் ஒப்புக்காம பாலம் நகரக்கூடாதே. ஒன்பதாம் விதி யார் எழுதினது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்பதாம் விதியை எழுதியவளைக் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. "அந்த விதியை மாத்திரலாம் சார்" என்றாள்.

"மாத்தலாமே. விதியை மாத்தணும்னா மாத்தின விதிக்கு ஒரு சரிபார்ப்புத் திட்டம் வேணும். எட்டு வாரம்."

அன்றைக்குத் தேதி பதினெட்டு.

ஆகவே தண்ணீர் வந்தது. வெல்டரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து பாலத்துக்குக் கீழே பள்ளம் தோண்டினார்கள். பூனை கோபித்துக்கொண்டு இடத்தைக் காலி செய்தது. டேங்கர் லாரி வந்து பள்ளத்தை நிரப்பிவிட்டுப் போயிற்று. டிக் மேடம் ஆழம் அளந்து டிக் போட்டாள். வாத்தியார் அரைநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து நின்றார். அவர் கண்களில் தூக்கமே இல்லை. பாப்பாவும் ராத்திரியில் தூங்கவில்லை என்பது அதிலேயே தெரிந்தது.

அவர் பாலத்தில் ஏறவே இல்லை. பள்ளத்தின் ஓரமாக நடந்து, அதைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் போய் நின்றார்.

"இதோ வந்துட்டேன். பாலம் எதுக்கு?" என்றார். "இது ஓடவும் இல்ல. குட்டை. கால்வாய்னா ஓடணும், சுத்திப் போக வழி இருக்கக்கூடாது. எழுதிக்கோங்க."

மேலாளரே எழுதிக்கொண்டார். டிக் மேடத்தால் முடியவில்லை. எழுந்து மதில் பக்கம் போய், திட்டத்தில் சொல்லாத ஒரு காரியத்தைச் செய்தாள்: மூக்கை உறிஞ்சினாள். வாத்தியார் முற்றத்து வாசல்வரை போய்த் திரும்பி அவள் முதுகைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். தேர்வு நேரத்தில் பேசக்கூடாது என்பது நினைவுக்கு வந்து போய்விட்டார்.

காரணம் ஒன்று: ஓட வேண்டும். காரணம் இரண்டு: சுற்றிப் போக முடியக்கூடாது. மேலாளர் குடியிருப்பின் வரைபடத்தை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். ஒரு மதிலை ஒட்டிக் கால்வாய் உள்ளே வருகிறது. எதிர் மதிலை ஒட்டி வெளியே போகிறது. நடுவில் இருநூறு காலடி முற்றம். பள்ளத்தை இந்த மதிலிலிருந்து அந்த மதில்வரை நீட்டிவிட்டால் இரண்டும் நடந்துவிடும்.

"கால்வாயையே இங்க வெட்டி விடப் போறோமா சார்?" என்று வெல்டர் கேட்டார்.

"பயனாளர் அதைத்தான் கேட்கிறார்" என்றார் மேலாளர்.

"அவர் பாலத்தைக் கேட்கிறாருங்க."

அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

கால்வாய் அலுவலகத்துக்குக் கடிதம் போயிற்று. பாலம் அமைக்க ஏற்கெனவே அனுமதி கொடுத்திருக்கிறோம், பாலத்துக்குக் கீழே கால்வாய் இருப்பது வழக்கம்தான், தனி அனுமதி தேவையில்லை என்று மூன்றாம் நாளே பதில் வந்தது. இரண்டு பொக்லைன் இயந்திரங்கள் வந்தன. ஒரு வாரம் இரவு பகலாகத் தோண்டின. முற்றத்து மேசை நாற்காலிகளை எல்லாம் ஓரம் கட்டினார்கள். பாலத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவே முப்பதடி அகலத்தில், இரண்டு ஆள் ஆழத்துக்கு, மதில் முதல் மதில்வரை ஒரு வாய்க்கால் தயாரானது. பாலம் மட்டும் நகரவில்லை, ஓர் அங்குலம்கூட. டிக் மேடம் தினமும் அளந்து பார்த்து, அதற்கும் ஒரு டிக் போட்டாள். தேதியும் ஒருநாள்கூட நிற்கவில்லை.

முப்பதாம் தேதி. விடிந்தும் விடியாததுமாக இரண்டு பக்க மதிலையும் இடித்துக் கரையை உடைத்தார்கள். தண்ணீர் ஒரு கணம் யோசித்தது போல நின்றது. அப்புறம் ஓவென்ற சத்தத்தோடு முற்றத்துக்குள் பாய்ந்து, பாலத்தின் கீழே சுழித்துக்கொண்டு ஓடி, எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் யாருடைய திட்டத்தையும் படித்ததில்லை. கிட்டத்தில் ஒரு வழி கிடைத்தபின் குடியிருப்பைச் சுற்றிக்கொண்டு போக அதற்கு என்ன தலையெழுத்தா?

இதை அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை. டிக் மேடம் ஓட்டத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தாள். சரி. ஆழம் சரி. சுற்றிப் போக வழி இல்லை, சரி. பதினொரு மணிக்குப் பயனாளர் வந்து நடக்க வேண்டும், ஆம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்குக் கிரேன், ஒரு மணிக்குப் பாலம் கால்வாயின் மேல், சாயங்காலம் பிள்ளை வீட்டில். கிரேன்காரனுக்கு அவளே தன் கைக்காசில் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தாள்.

பதினொன்று ஆயிற்று. வாத்தியார் வரவில்லை.

பதினொன்றேகால். போன் அடித்தாள். மணி போயிற்று, எடுக்கவில்லை.

பதினொன்றரை. மேலாளர் தொண்டையைச் செருமினார். "பயனாளர் வராட்டி என்ன செய்யணும்னு பார்த்தேன். தொண்ணூறாம் பக்கம். அவருக்கு விருப்பமில்லைன்னு எடுத்துக்கணுமாம்."

விருப்பமில்லை. அந்த வார்த்தையும் அவள் எழுதியதுதான். கட்டிலில் படுக்க வராத நோயாளிகளுக்காக எழுதியது. இப்போது அவள் கண்முன்னே வேறு ஒன்று ஓடியது: ஹெட்மிஸ்ட்ரஸ் அறை, மேசையில் ஒரு தாள், மூன்று வருடம், அவர் குனிந்து கையெழுத்துப் போடுகிறார். ஒன்றாம் தேதிவரைகூடப் பொறுக்கவில்லை. மூன்று வருடம் கழித்துப் பாப்பாவுக்குப் பதினோரு வயது. எல்லாப் பல்லும் விழுந்து முளைத்திருக்கும்.

தாளை நாற்காலியில் எறிந்துவிட்டு ஓடினாள்.

"மேடம்! தேர்வு முடியாம பாலத்துல யாரும் ஏறக்கூடாது!" என்று மேலாளர் கத்தினார். வீடுகளுக்குப் போக வேறு வழி இல்லை. அவள் ஐந்து படியையும் இரண்டே எட்டில் ஏறி, ஓடும் தண்ணீருக்கு மேலே தடதடவென்று ஓடி, அந்தப் பக்கம் இறங்கிக் குடியிருப்புக்குள் பாய்ந்தாள். பாலம் முதன்முதலாக ஒரு ஆளுக்கு உதவியது. அதைப் பார்த்து டிக் போட அங்கே ஆள் இல்லை.

கரையில் நின்று நாலு வார்த்தை கத்த வேண்டும் என்றுதான் ஓடினாள். என்ன வார்த்தை என்று அவளுக்கே தெரியாது. கெஞ்சலாகவும் இருக்கலாம், வசவாகவும் இருக்கலாம்.

கரையில் குடியிருப்பே கூடி நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவள், "என்னங்க!" என்று கூப்பிட வாயைத் திறந்து அப்படியே நின்றுவிட்டாள்.

கால்வாயைக் காணோம். நாற்பதடி அகலத்துக்குக் கருஞ்சேறு மட்டும் இருந்தது. அங்கங்கே குட்டைத் தண்ணீரில் மீன் துள்ளியது. எத்தனையோ வருடத்துச் செருப்புகள், வாளிகள், ஒரு சைக்கிள், யாரோ தேடித் தேடி அலுத்துப்போன ஒரு குக்கர் எல்லாம் கிடந்தன. அந்தச் சேற்றின் நடுவே முழங்கால்வரை புதைந்து வாத்தியார் வந்துகொண்டிருந்தார். தலையில் பெட்டி, ஒரு தோளில் புத்தகப் பை, இன்னொரு கையில் பாப்பா. பாப்பாவின் கையில் நாலு செருப்பு.

நடுவில் வந்ததும் அவருக்குக் காலை எடுக்க முடியவில்லை. "போன் பெட்டிக்குள்ள இருக்கு!" என்று அங்கிருந்து கத்தினார். "காலையில பார்த்தா தண்ணி வத்திக்கிட்டே வருது! சரின்னு பெட்டியக் கட்டிட்டேன்!"

"பதினோரு மணிக்கு முற்றத்துக்கு வரணும்ல?"

"எதுக்கு? வீட்டுக்கு வழி இருக்கும்போது அங்க எதுக்கு வரணும்?"

ஆபீசுக்குப் போட்டுவந்த உடுப்போடு, இஸ்திரி மடிப்புக் கலையாமல், சேற்றில் இறங்கினாள். இரண்டாவது எட்டில் ஒரு செருப்பு போயிற்று, நாலாவதில் இன்னொன்று. போய்ச் சேர்ந்து முதலில் பாப்பாவைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, நல்ல கனம். முகத்தைப் பிடித்துத் திருப்பி, வாயைத் திறக்கச் சொன்னாள். முன்வரிசையில் ஒரு ஓட்டை; அதன் நடுவில் வெள்ளையாக அரிசி மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது.

"அம்மா, ஆபீஸ் நேரத்துல நீ வரலாமா?" என்று பாப்பா கேட்டாள்.

"வரக்கூடாதுடி கண்ணு" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள், சிரித்துக்கொண்டும்.

"கோவத்துலதான் அப்படிச் சொன்னேன்" என்றார் வாத்தியார் தலையில் பெட்டியோடு. "ஓடணும், சுத்திப் போகக்கூடாதுன்னு. இவங்க இப்படித் தோண்டுவாங்கன்னு சத்தியமா நினைக்கல."

"எனக்கும் கோவம்தான்" என்றாள். "பொத்தான் எங்க போச்சு உங்களுக்கு?"

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மேலாளர். சேற்றுக் கையாலேயே எடுத்துக் காதில் வைத்தாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? குடியிருப்பு ஆளுங்க எல்லாம் உங்களைப் பார்த்துட்டுப் பாலத்துல ஏறி இறங்கிக்கிட்டு இருக்காங்க. வேற வழி இல்லையாம். என்னால தடுக்க முடியல. அந்தப் பன்னிரண்டாவது ஆள் வந்தாரா இல்லையா?"

"வந்துட்டார் சார்."

"அப்பாடா. பாலத்துல நடந்தாரா?"

"நடக்கல சார். கடைசிக் கேள்விக்கு ஆம்னு போட்டுருங்க."

"நடக்காம எப்படிம்மா ஆம்னு போடறது? நீங்களா இப்படிப் பேசறீங்க?"

"வீட்டுக்கு வந்துட்டார் சார். தேவை அதுதான்."

மேலாளர் தாளைப் புரட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. "அதை எழுத இதுல கட்டமே இல்லையேம்மா" என்றார் கடைசியில், உண்மையான வருத்தத்தோடு.

"ஓரத்துல எழுதிக்கோங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அவள் கணவரின் கையைப் பிடித்துச் சேற்றிலிருந்து இழுக்கத் தொடங்கினாள்.